ஒத்திகையில் இறந்தவர்

செத்தவர்கள் வரிசையில் முதல் ஆளாகப் படுக்க அவர் ஒருநாளும் தயங்கியதில்லை.

கிள்ளைக்கு அப்பால், கடலை ஒட்டிய ஓர் ஊரின் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்த காலம் அது. சிதம்பரத்திலிருந்து தினமும் பேருந்தில் போய்வருவேன். அவர் அதே பள்ளியில் சத்துணவு உதவியாளர். ஐம்பதை நெருங்கும் வயது. குள்ளமான, இறுகிய உடம்பு. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். வயதில் அவ்வளவு சின்னவளான என்னை அவர் டீச்சர் என்றார்.

அந்த ஊரில் அவ்வப்போது சுனாமி ஒத்திகை நடக்கும். மைக் செட், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், ரப்பர் படகு, தாலுகா ஆபீஸிலிருந்து நாலைந்து ஜீப். "சுமத்ரா அருகே கடலுக்கடியில் பயங்கர நிலநடுக்கம்" என்று ஒலிபெருக்கி அறிவித்ததும் ஊர் மக்கள் புயல் பாதுகாப்பு மையத்துக்கு ஓட வேண்டும். சிலர் அடிபட்டவர்களாகவும் சிலர் இறந்தவர்களாகவும் நடிக்க வேண்டும். அடிபட்டவர்களுக்குப் போட்டி இருக்கும். தலையில் கட்டு, ஸ்ட்ரெச்சர், ஆம்புலன்ஸில் ஒரு சுற்று என்று எல்லாம் கிடைக்குமே. இறந்தவராகப் படுக்கத்தான் ஆள் கிடைக்காது. நிஜமாகவே சுனாமியில் அத்தனை பேர் செத்த கரையில் பொய்யாகப் போய் யார் படுப்பார்கள்?

அக்கா மட்டும் ஒரு பழைய புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

"வந்துட்டாங்கப்பா நம்ம டெட்பாடி அம்மா! தார்ப்பாய விரிங்க" என்பார் வி.ஏ.ஓ.

"நெழலாப் பாத்து விரிக்கச் சொல்லு சார். செத்தவளுக்கும் சுடும்."

"ஒரு வாட்டியாவது அடிபட்டவளா வாயேம்மா. ஆம்புலன்ஸ்ல ஏசி இருக்குது."

"வேணாம் சார். அடிபட்டவ அய்யோ அம்மான்னு கத்தணும். நமக்குக் கத்த வராது."

சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

நான் பார்த்த முதல் ஒத்திகையில் எனக்கு ரிப்பன் கட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். நடக்க முடிந்தவருக்குப் பச்சை, காத்திருக்கக் கூடியவருக்கு மஞ்சள், உடனே தூக்க வேண்டியவருக்குச் சிவப்பு, இறந்தவருக்குக் கருப்பு. அப்போது எனக்கு ஆறாம் மாதம். கருப்பு ரிப்பனை எடுத்துக்கொண்டு அக்காவிடம் குனிந்தேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மாசமா இருக்கற கையால கருப்பக் கட்டக் கூடாது டீச்சர். குடு இங்க."

"சும்மா ஒத்திகைதானேக்கா."

"ஒத்திகதான். ரிப்பனு நெசந்தான?"

ஒரு முனையைப் பல்லில் கடித்து, தன் மணிக்கட்டில் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டார். பிறகு படுத்தார்.

மற்றவர்கள் செத்தவர்களாகப் படுத்தால் கண்ணை இறுக்கி மூடுவார்கள். இமை துடிக்கும், கால் விரல் ஆடும். அவர் அப்படி இல்லை. இமை சும்மா விழுந்து கிடந்தது. வாய் ஓர் ஓரமாகத் திறந்திருந்தது. உள்ளங்கை வானத்தைப் பார்த்தது. ஓர் ஈ உதட்டில் உட்கார்ந்து மெல்ல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தது. உதடு அசையவில்லை. நான் பயந்துபோய், யாரும் பார்க்காதபோது அவர் காலைத் தொட்டேன். சூடாக இருந்தது. அந்தச் சூட்டைத் தொட்ட பிறகும் எனக்குப் பயம் போகவில்லை.

அவருடைய பழக்கங்கள் பலவும் காதில் போய் முடிந்தன. சத்துணவுக் கூடத்துக்கு முட்டை வந்தால் ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பார். கெட்டுப்போனது களக்களக்கென்று சொல்லிவிடுமாம். பேசிக்கொண்டே இருக்கும்போது பாதியில் நிறுத்தி, தலையைச் சாய்த்து, "ஒண்ணுமில்ல, நீ சொல்லு" என்பார். பக்கத்து அங்கன்வாடியில் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளைத் தூங்க வைப்பார்கள். அக்கா பாத்திரம் கழுவிய ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போவார். வரிசையாகக் கிடக்கும் ஒவ்வொரு பிள்ளையின் மூக்கடியிலும் புறங்கையை ஒரு நொடி வைப்பார். கடைசிப் பிள்ளை வரைக்கும் போய்விட்டு வெளியே வருவார். அங்கன்வாடி டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார்.

"அந்தக்கா தெனைக்கும் இப்பிடித்தான் பண்ணுது. எம் புள்ளைங்க எல்லாம் உசுரோடதான் இருக்குங்கன்னு எழுதிக் குடுத்தாக்கூட நம்பாது."

ஒருமுறை ஒன்பதாம் வகுப்புக்குப் புவித்தட்டுகள் பாடம். கரும்பலகையில் எவ்வளவு அம்புக்குறி போட்டாலும் பிள்ளைகளுக்கு ஏறவில்லை. அங்கன்வாடியிலிருந்து இரண்டு கோரைப்பாய் வாங்கி வந்து தரையில் விரித்தேன். "இது நம்ம இந்தியத் தட்டு. இது அந்தமான், சுமத்ரா பக்கத்துத் தட்டு" என்று சொல்லி, ஒரு பாயை மற்றொன்றின் அடியில் மெல்லத் தள்ளினேன். மேல்பாயின் ஓரம் மாட்டிக்கொண்டு கீழே இழுபட்டு வளைந்தது. இன்னும் தள்ளினேன், இன்னும் வளைந்தது. சட்டென்று மாட்டியது விட்டதும் ஓரம் படீரென்று மேலே எகிறியது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். "கடலுக்கு அடியில இப்படி நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு எகிறினா மேல இருக்கற தண்ணி என்ன ஆகும்? அதுதான் சுனாமி. நிலநடுக்கம், எரிமலை, சுனாமி எல்லாம் பெரும்பாலும் இந்த ஓரங்கள்லதான்."

ஜன்னலுக்கு வெளியே அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் கரண்டி. வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் கேட்டார்.

"அந்தப் பாய் இன்னும் போய்க்கிட்டேதான் இருக்குதா டீச்சர்? நின்னுடலயா?"

"நிக்காதுக்கா. நாமளும் அதுமேலதான் இருக்கோம். நகம் வளர்ற மாதிரி மெதுவாப் போய்க்கிட்டே இருக்கும்."

"அன்னிக்கு எகிறுனதுக்கு அப்புறம் இங்க தண்ணி வர எவ்ளோ நேரமாச்சு?"

இங்கேதான் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். கேள்வி கேட்டால் சரியான விடை சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குப் பழக்கம்.

"ரெண்டு மணி நேரம் இருக்கும்கா. கொஞ்சம் கூடவே."

"ரெண்டு மணி நேரமா!"

கரண்டியைக் கீழே வைத்தார். "காத்தால கட்டில் லேசா ஆடுச்சு. பூனைன்னு நெனச்சேன். அப்புறம் மீன் கழுவுனேன். தலைக்குக் குளிச்சேன். கொழாயடில பக்கத்து வூட்டுக்காரிகிட்ட ஒரு பாட்டம் சண்ட போட்டேன். எல்லாம் அந்த ரெண்டு மணி நேரத்துலதானா?" என்றார். பிறகு, "அவகிட்ட சண்ட போடாம ரெண்டு பேரும் பஸ் ஏறியிருந்தா சிதம்பரமே போயிருக்கலாம்" என்றார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி அன்று தப்பவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒன்றைச் சொன்னால் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் முனை வரைக்கும் யோசித்துப் பார்ப்பவர் அவர். அன்றே நான் இதைப் புரிந்துகொண்டிருக்கலாம்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் பள்ளிக்குத் திரும்பிய பிறகு ஒருநாள், எல்லோரும் கேட்டார்கள் என்று என் மகளைத் தூக்கிப் போயிருந்தேன். எட்டு மாதக் குழந்தை. ஆசிரியர் அறையில் பாயில் தூங்கப் போட்டுவிட்டு ஒரு வகுப்பு எடுத்துவிட்டு வந்தேன். அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் மகளின் மூக்கில் புறங்கையை வைத்துக்கொண்டிருந்தார். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு அவர் இதைச் செய்ததை நூறு முறை பார்த்தவள்தான் நான். என் பிள்ளை என்றதும் வேறு கண்.

"என்னக்கா பண்றீங்க? செத்தவங்களுக்குப் பாக்கற மாதிரி எம் புள்ளைக்குப் பாக்காதீங்க!"

அவர் கையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அன்று சாயங்காலம் மாமியார் சொல்லும் முன்பே நான் உப்பும் மிளகாயும் எடுத்துக் குழந்தைக்குச் சுற்றிப் போட்டேன். அடுப்பில் மிளகாய் வெடித்தபோதுதான் வெட்கமாக இருந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கச் சமையல்கூடத்துக்குப் போனேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"தப்பா நெனச்சுக்காத டீச்சர்" என்று அவரே ஆரம்பித்தார். "கண்ணால பாத்தா எனக்கு நம்பிக்க வர மாட்டேங்குது. மூச்சு தெரியணும்."

பிறகு சொன்னார். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"தண்ணி தூக்கி அடிச்சது ஞாபகம் இருக்குது. அப்புறம் ஒண்ணும் இல்ல. அப்புறம் திடீர்னு காது மட்டும் தொறந்துக்குச்சு. கண்ணு இல்ல, கை இல்ல, காலு இல்ல. காது மட்டும். யாரோ ஒரு ஆளு, 'இன்னும் ரெண்டு இங்க போடுப்பா'ன்னான். லாரி சத்தம். என்னையும் செத்ததுன்னு வரிசைல போட்டுட்டாங்கன்னு தெரியுது. பக்கத்துல மூச்சு கேக்குது டீச்சர். சின்ன மூச்சு. சளி புடிச்ச புள்ள தூங்குமே, கொர்ருன்னு, அந்த மாதிரி. ரெண்டு இழுக்கும், ஒண்ணு நிக்கும். ரெண்டு இழுக்கும், ஒண்ணு நிக்கும். இங்க ஒரு புள்ளைக்கு உசுரு இருக்குதுன்னு கத்தணும்னு நெனக்கறேன். நெனக்கறதோட சரி. வாயி எங்க இருக்குதுன்னே தெரியல."

"எவ்வளவு நேரம்கா?"

"தெரியல. அப்புறம் கேக்கல. நின்னுச்சா, தூக்கினு போயிட்டாங்களா, ஒண்ணும் தெரியல. மறுநாளு யாரோ ஒரு அம்மா அவுங்க மவளத் தேடிக்கிட்டு வந்து என் மேல இருந்த துணியத் தூக்கிப் பாத்துச்சு. நான் அவுங்க மவ இல்ல. ஆனா கண்ணு அசஞ்சுதாம். அந்த அம்மா கத்திச்சாம். கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்க. அதுக்குள்ள என் பக்கத்துல இருந்த எடம் காலி. பேரு ஊரு தெரியாதவங்கள எல்லாம் ஒண்ணாப் பொதச்சுட்டாங்கன்னு சொன்னாங்க."

கீரைக் காம்பை ஒடித்து ஒதுக்கினார்.

"எங்க வூட்ல ஒருத்தரும் சாவல டீச்சர். அதான் கஷ்டம். நான் அழுதா, உனக்கு என்னாடி கொற, எல்லாரும் முழுசா இருக்காங்களேன்னு கேப்பாங்க. யாரு புள்ளைன்னு சொல்லி அழறது?"

"அப்ப ஏன்க்கா ஒத்திகைல போய்ப் படுக்கறீங்க?"

"படுத்தா அந்த எடத்துக்குப் போயிடலாமான்னு பாக்கறேன். இன்னும் ஒரு வாட்டி நல்லாக் காது குடுத்துக் கேட்டா, நெசமா என் பிரமையான்னு தெரிஞ்சுடும்ல."

நான் அன்று வீட்டுக்குப் போய் யோசித்தேன். மறுநாளும் யோசித்தேன். மூன்றாம் நாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, பாடம் நடத்தும் குரலில் சொன்னேன். நினைவில்லாமல் கிடப்பவர்களுக்கு வெளிச்சத்தம் எதுவும் காதில் விழாது. மூளை தானாக ஏதேதோ சத்தங்களை உண்டாக்கிக்கொள்ளும். அவர் மூக்கில் சேறு அடைத்திருக்கும். கொர்ரென்று கேட்டது அவருடைய சொந்த மூச்சுதான்.

"என் மூச்சேவா?"

"ஆமாக்கா. நினைவு இல்லாதவங்களுக்குப் பக்கத்துல இருக்கறவங்க மூச்சு கேக்காது."

"புக்குல போட்டுருக்குதா?"

"போட்டிருக்குக்கா."

எந்தப் புத்தகத்திலும் நான் அப்படிப் படித்ததில்லை. அவருக்கு நல்லது என்று நினைத்தேன். இப்போதும், அந்த அளவுக்கு அது நல்லதாகத்தான் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஏனென்றால் அவர் மாறினார். அங்கன்வாடிப் பக்கம் போவது குறைந்தது, பிறகு நின்றது. பாத்திரம் கழுவும்போது பாட்டு முணுமுணுத்தார். துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றும் அவர் கணவர் ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"என்ன மந்திரம் போட்ட டீச்சரு? எத்தினி வருஷமா பாதித் தூக்கத்துல எம் மூக்குல கைய வச்சு எழுப்பிக்கினு இருந்தா. இப்ப நிம்மதியா கொறட்ட வுடறேன். அவளும் வுடறா. யாரு ஜாஸ்தின்னுதான் சண்ட."

வீட்டுக்கு வரும்வரை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு பொய்யால் இவ்வளவு ஆகுமா என்று ஒரு பக்கம் உறுத்திக்கொண்டும் இருந்தது.

இதெல்லாம் நடந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது கடலூரில் இருக்கிறேன். மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். இங்கே சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துப் பள்ளிகளிலும் கடற்கரைப் பள்ளிகளிலும் ஒத்திகைகள் நடக்கின்றன. ஆசிரியர்களின் பெயர் கேட்டுச் சுற்றறிக்கை வரும். நான் கொடுப்பதில்லை. அக்கா, நாங்கள் இருவரும் கலந்துகொண்ட கடைசி ஒத்திகைக்குப் பிறகு சத்துணவு வேலைக்கு வரவில்லை. மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

அந்தக் கடைசி ஒத்திகை நடந்தபோது என் மகளுக்கு மூன்றரை வயது. மாமியார் ஒரு கல்யாணத்துக்காகப் போயிருந்தார். கணவருக்கு லீவு இல்லை. குழந்தைக்கு வேறு சளி. விட்டுவிட்டு வர ஆளில்லாமல் கூடவே கூட்டிப் போனேன்.

அக்கா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்திருந்தார்.

"வி.ஏ.ஓ. சாரு வூட்டுக்கே வந்து கேட்டாரு டீச்சர். வேற ஒருத்தியும் படுக்க மாட்டேன்னுட்டாளுங்களாம். இந்த வாட்டி நான் காது குடுத்தெல்லாம் கேக்கப் போறதில்ல. சும்மா படுத்துட்டு எழுந்து வந்துடுவேன். தூங்குனாலும் தூங்கிடுவேன்" என்று சிரித்தார். "காத்தால சுகர் மாத்திர போட்டுக்கினு வந்தேன். டிபன் எப்ப குடுப்பாங்க?"

"ஒத்திகை முடிஞ்சதும் பொட்டலம் வருதுக்கா. பத்தரைக்குள்ள முடிஞ்சுடும்."

தாலுகா அதிகாரிகள் வரத் தாமதம். பத்தரைக்குத்தான் சைரனே ஊதினார்கள். நான் ரிப்பன்களோடு ஓடினேன். அக்காவுக்குக் கருப்பு கட்டினேன். தார்ப்பாயில் அவரும் இன்னும் மூன்று ஆண்களும் வரிசையாகக் கிடந்தார்கள். மேலே வெள்ளைத் துணி. அவரை முகம் மூடும் முன் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. வெயில் என்று நினைத்தேன். வழக்கம்போல் எவ்வளவு அசையாமல் படுக்கிறார் என்றும் நினைத்தேன்.

பந்தலில் உட்கார வைத்திருந்த மகளைப் பார்க்கப் போகச் சிறிது நேரமாகிவிட்டது. போனபோது நாற்காலி காலியாக இருந்தது.

பந்தலைச் சுற்றி ஓடினேன். தீயணைப்பு வண்டிக்குப் பின்னால், படகுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியில். கடல் அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்தான். கத்தினேன். "பாப்பாவக் காணோம்! எம் பொண்ணக் காணோம்!"

வி.ஏ.ஓ. கையிலிருந்த ஒத்திகை அட்டவணையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"டீச்சர், டீச்சர், கொழந்த காணாமப் போறத பதினொன்னரைக்குத் தள்ளி வச்சிருக்கு. இப்பவே ஏன் கத்தறீங்க?"

"சார், நெசமா சார்!"

"நல்லாத்தான் பண்றீங்க. கலெக்டர் ஆபீஸ்லேருந்து வந்ததும் இதே மாதிரி கத்துங்க."

மைக்கில், "பொதுமக்கள் பதற்றப்பட வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓடியவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தபடி ஓடினார்கள். என் குரல் எனக்கே நடிப்பு மாதிரிக் கேட்டது. அப்போதுதான் தார்ப்பாயைப் பார்த்தேன். வெள்ளைத் துணிக்கு வெளியே நான்கு ஜோடிக் கால்கள் இருக்க வேண்டும். ஐந்து இருந்தன. அக்காவின் இடுப்பருகே, துணியின் பக்கவாட்டில் நீட்டியிருந்த ஐந்தாவது சின்ன ஜோடியில் கொலுசு.

துணியை இழுத்தேன். என் மகள் அக்காவை ஒட்டிப் படுத்து, கண்ணை இறுக்கி மூடி, சளி அடைத்த மூக்கால் கொர்கொர்ரென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவளை அள்ளி எடுத்து முதுகில் ஓர் அடி வைத்தேன். "ஆயா கூட வெளையாண்டேம்மா" என்று அழுதாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தல்வரைக்கும் போய்விட்டேன். அங்கே போன பிறகுதான் உறைத்தது. பிள்ளையை அவர் பக்கத்திலிருந்து பிடுங்கி எடுத்து, அடித்து, பிள்ளை அத்தனை சத்தம் போட்டு அழுதும் அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

திரும்பி ஓடினேன். உடம்பு சில்லென்று நனைந்து கிடந்தது. கிள்ளினேன். அசைவில்லை. மூக்கில் புறங்கையை வைத்தேன். மூச்சு இருந்தது. "ஆம்புலன்ஸ்!" என்று நான் கத்தியபோது ஆம்புலன்ஸில் தலைக்கட்டோடு இருந்த ஒரு பையன் எட்டிப் பார்த்து, "இது எங்க டர்ன் டீச்சர்" என்றான். அவனை இறக்கி அக்காவை ஏற்றுவதற்குள் நான் யாரை என்ன சொல்லித் திட்டினேன் என்று நினைவில்லை.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டதாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். என் கணவர் வந்து மகளைக் கூட்டிப்போனார். நான் அங்கேயே இருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு அக்கா நன்றாகக் கண் விழித்தார். அவர் கணவர் டீ வாங்கி வரப் போயிருந்தார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், அது வந்துச்சு."

"எதுக்கா?"

"அந்தப் புள்ள. பக்கத்துல வந்து படுத்துச்சு. அதே மூச்சு. ரெண்டு இழுத்து ஒண்ணு நிக்குது. நான் கத்தலாம்னு பாக்கறேன், வாயி வரல. அன்னிக்கு மாதிரியே. இத்தினி வருசம் கழிச்சு என்னத் தேடிக்கினு வந்துடுச்சு டீச்சர். ஏன் உட்டுட்டுப் போனேன்னு கேக்க வந்துடுச்சு."

கண்கள் அறையெல்லாம் ஓடின. இப்படி ஒரு பயத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. அந்தப் பயத்தைப் போக்கும் உண்மை என் கையிலேயே இருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அய்யோ அக்கா, பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது எம் பொண்ணு. நெசமாவே உங்க பக்கத்துல வந்து படுத்துக்கிட்டா. நான்தான் வந்து தூக்கினேன். அவளுக்குச் சளி. அதான் மூச்சு அப்படி."

"பாப்பாவா?"

"பாப்பாதான்கா. சத்தியமா."

அவர் உடம்பு தளர்ந்தது. தலையணையில் சாய்ந்தார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவர் போத்தலில் குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்தார்.

"அப்ப எனக்குக் கேட்டது நெசம்" என்றார்.

"நெசம்தான்கா. பயப்படவே வேணாம்."

"டாக்டரு என்னா சொன்னாரு? எனக்கு நெனவு இருந்துச்சாமா?"

"இல்லக்கா. சுத்தமா நெனவு இல்லன்னுதான் சொன்னாரு."

"சுத்தமா இல்ல."

"இல்ல."

"ஆனா பாப்பா மூச்சு கேட்டுருக்குது."

பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவர் நினைப்பு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. இது வேறு மயக்கம், அது வேறு மயக்கம். சர்க்கரை மயக்கத்தில் மட்டும் காது கேட்கும். ஏதாவது ஒன்று. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புக்குல போட்டுருக்குதா என்று இந்த முறை கேட்கவில்லை.

"எந்தப் பக்கம் படுத்திருந்தா பாப்பா?"

"இடது பக்கம்கா."

தலையை ஆட்டினார்.

"அதுவும் அந்தப் பக்கந்தான்."

அவர் கணவர் டீயோடு வந்தார். "என்னாடி, டெட்பாடி எழுந்துக்குச்சா?" என்று கேட்டுத் தானே சிரித்தார். அக்கா ஊசி குத்திய கையைத் தூக்கிப் பிடித்தபடி, அந்த ஒற்றை ஆள் கட்டிலில் மெல்ல மெல்ல வலது ஓரத்துக்கு நகர்ந்தார். விழுந்துவிடப் போகிறார் என்று நான் எழுந்தேன். விழவில்லை. கட்டிலின் விளிம்பில் ஒருக்களித்துக்கொண்டு, இடது பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளை படுக்கும் அளவுக்கு இடம் விட்டு, அதைப் பார்த்தபடி கிடந்தார்.